சூழல் மண்டலம்: ஒரு சொல்லும் அதன் பல பொருள்களும்

(பொருளாதார மாணவர்களும் பயிற்சி நிலை அதிகாரிகளும் கலந்துகொண்ட கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



அரசு அலுவலகங்களில் சொற்களுக்கும் பருவம் உண்டு. நான் பணியில் சேர்ந்த 1990களில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் 'உள்கட்டமைப்பு' என்ற சொல் இருக்கும். பின்னர்த் 'தொழிற்குழுமம்' வந்தது. இப்போது நடப்பது 'எக்கோசிஸ்டம்' என்ற சொல்லின் காலம். புத்தொழில் எக்கோசிஸ்டம், மின்னணுப் பணப் பரிமாற்ற எக்கோசிஸ்டம், விளையாட்டு எக்கோசிஸ்டம், திறன் வளர்ச்சி எக்கோசிஸ்டம் என்று குறிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. சதுப்பு நிலம் ஒன்றைப் பற்றிய கோப்பிலும் அதே சொல்தான் இடம்பெறுகிறது. ஒரு சொல் தெளிவின்றி நிற்பது கவிதையில் அழகாகலாம். செலவு ஒப்புதல் கோரும் கோப்பில் அது அழகன்று. எதற்காகப் பணம் கேட்கிறோம், அது சென்று சேர்ந்ததா என்று பின்னர் எப்படி அறிவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அச்சொல்லின் பொருளில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே இன்று இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன்.

சொல் பிறந்த இடம்

1935ஆம் ஆண்டில் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 'எக்காலஜி' என்னும் ஆய்வேட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாவரங்களைப் பற்றிய கருத்துகளையும் கலைச்சொற்களையும் அறிஞர்கள் எவ்வாறு பயன்படுத்துகிறார்கள், எவ்வாறு தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அதன் பொருள். தலைப்பும் ஏறத்தாழ அதுவே. 'எக்கோசிஸ்டம்' என்ற சொல் முதன்முதலில் அச்சேறியது அக்கட்டுரையில்தான். சொல்லைத் தந்தவர் அவருடைய இளைய சகா கிளாப்பம். சொற்களின் முறைகேட்டைக் கண்டிக்க எழுதிய கட்டுரையில் தோன்றிய சொல்லுக்கு இன்று நேர்ந்திருக்கும் கதியை டான்ஸ்லி கண்டிருந்தால் சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அவர் எதை மறுத்தார் என்பது நமக்கு முக்கியம். அமெரிக்க அறிஞர் கிளெமெண்ட்ஸ், ஒரு காட்டையோ புல்வெளியையோ ஓர் உயிரைப் போலக் கருதினார். அது பிறக்கிறது, வளர்கிறது, முதிர்கிறது என்றார். தென்னாப்பிரிக்காவில் பிலிப்ஸ் என்பவர் அக்கருத்தை இன்னும் நீட்டினார். காடு ஓர் உடல் அன்று என்பது டான்ஸ்லியின் வாதம். செடிகளையும் விலங்குகளையும் மட்டும் பார்த்தால் போதாது. மண், நீர், வெப்பம், காற்று ஆகிய உயிரற்ற கூறுகளையும் சேர்த்து ஒரே தொகுதியாகக் காண வேண்டும் என்றார். மற்றொன்றும் சொன்னார்: இத்தொகுதியின் எல்லையை வகுப்பவர் ஆய்வாளரே. இயற்கையில் தொகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆராய்ச்சியின் வசதிக்காக நாம்தான் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துக் கோடு போடுகிறோம்.

இதன்பின் 1942இல் ரேமண்ட் லிண்டெமன் என்னும் இளைஞர் மினசோட்டா மாநிலத்துச் சிறு ஏரி ஒன்றை ஆராய்ந்து, உயிர்களை எண்ணுவதை விட அவற்றினூடே ஆற்றல் எவ்வாறு பாய்கிறது என்று கணக்கிடுவதே பயனுடையது என்று காட்டினார். கட்டுரை அச்சில் வருமுன்பே தமது 26ஆம் வயதில் அவர் காலமானார். ஒரு நிலையிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த நிலைக்குச் செல்கிறது என்று பள்ளியில் நாம் படித்த விதி அவர் தொடங்கி வைத்த ஆராய்ச்சி மரபின் விளைவாகும்.

தமிழில் இச்சொல்லுக்குச் சூழல் மண்டலம், சூழல் தொகுதி, சூழலமைப்பு என்று பல பெயர்கள் வழங்குகின்றன. மூன்றும் ஒன்றல்ல. மண்டலம் என்றால் வரைபடத்தில் ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் பக்கத்தில் இதுவும் ஒரு மண்டலம் போலும் என்று கோப்பு படிப்பவர் மயங்குகிறார். அமைப்பு என்றால் யாரோ அமைத்தது என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. தொகுதி என்பதே டான்ஸ்லியின் கருத்துக்கு அணுக்கமானது. ஆனால் அது தேர்தலுக்குச் சொந்தமாகிவிட்டது! தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அங்குள்ள மரம், விலங்கு, உணவு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்ததை இவ்விடத்தில் சிலர் நினைவூட்டுவார்கள். அதைக் கொண்டு டான்ஸ்லியை நாம் முந்திவிட்டோம் என்று முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அது இலக்கண நூல், ஆராய்ச்சிக் கட்டுரை அன்று. எனினும் மனிதனின் தொழிலையும் நிலத்தோடு சேர்த்தே எண்ணும் பழக்கம் நம் மொழிக்குப் புதிதன்று என்ற அளவில் அதை ஏற்கலாம்.

கழிவுநீரும் மீனும்

இயற்கைக்கும் மனித முயற்சிக்கும் நடுவே நிற்கும் ஒரு தொகுதியை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். கொல்கத்தா நகரின் தரை மேற்கேயுள்ள ஹூக்ளி ஆற்றை நோக்கிச் சரியவில்லை, கிழக்கே சரிகிறது. எனவே நகரின் சாக்கடை கால்வாய்கள் வழியே கிழக்கு நோக்கிச் செல்கிறது. அங்கு முன்பு வித்யாதரி என்னும் ஓத ஆறு ஓடியது. அது தூர்ந்து போனபின், உவர்நீர் ஏரிகளில் மீன் வளர்த்தவர்களுக்குக் கடல்நீர் வரத்து நின்றது. 1930ஆம் ஆண்டையொட்டி, நகரிலிருந்து வந்த கழிவுநீரையே குளங்களில் அளவாகப் பாய்ச்சி மீன் வளர்க்க அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அக்குளங்களுக்கு 'பேரி' என்று பெயர்.

அங்கு நடப்பது இதுதான். குளத்தின் ஆழம் குறைவு. வெயில் அடிவரை செல்கிறது. கழிவில் உள்ள சத்தை உண்டு பாசி பெருகுகிறது. பாசி வெளியிடும் பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. பெருகும் பாசியையும் நுண்மிதவை உயிர்களையும் கெண்டை இன மீன்கள் தின்கின்றன. பாசி அளவுமீறினால் இரவில் பிராணவாயு குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். அளவு குறைந்தால் மீனுக்கு உணவில்லை. இந்தச் சமநிலையைக் காப்பவர் குளத்துத் தொழிலாளி. நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே எப்போது மடையைத் திறப்பது, எப்போது அடைப்பது என்று அவர் அறிவார். கரையில் ஆகாயத்தாமரையை வேலிபோல் வளர்க்கிறார்கள். அது கரையை அலையிலிருந்து காக்கிறது, நீரிலுள்ள உலோக நச்சையும் ஓரளவு ஈர்த்துக்கொள்கிறது. குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல்வயலுக்குப் போகிறது. அருகே தாப்பாவில் நகரின் குப்பை மேட்டிலேயே காய்கறி விளைகிறது. நகரம் தன் கழிவைக் கொடுத்து, மீனும் காயுமாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இவை அனைத்திற்கும் மின்சாரம் ஏறத்தாழத் தேவையில்லை.

இத்தொகுதி நெடுங்காலம் அரசின் எந்தப் பதிவேட்டிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடாகக் குறிக்கப்படவில்லை. காலி நிலம் என்றே அது எண்ணப்பட்டது. 1960களில் ஏரிப்பகுதி ஒன்றை மணலிட்டு நிரப்பித்தான் சால்ட் லேக் நகரம் எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அரசின் பொறியாளர் துருவஜோதி கோஷ், நகரத்துச் சாக்கடை எங்கே போகிறது என்ற எளிய கேள்வியைக் கையிலெடுத்துக்கொண்டு கால்வாயோடு நடந்தார். மீனவர்களிடம் பாடம் கேட்டார்; வரைபடம் தயாரித்தார். இவ்வளவு பெரிய நகரம் தன் கழிவைச் சுத்திகரிக்க ஏன் இவ்வளவு குறைவாகச் செலவிடுகிறது என்பதற்கு விடை அங்கே கிடைத்தது. 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அப்பகுதியை வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடுத்தது. 2002இல் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2006இல் அதற்கென்றே மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது. கோஷ் 2018இல் மறைந்தார்.

சட்டம் வந்தபின்னும் நிலத்தரகரின் கண் அங்கிருந்து அகலவில்லை. பெயரிட்டதால் மட்டும் ஒன்று காப்பாற்றப்படுவதில்லை. ஆனால் பெயரில்லாமல் இருந்தவரை அதைக் காப்பாற்ற வேண்டும் என்று கோப்பில் எழுதவே வழியில்லாமல் இருந்தது.

வணிகத்திற்கு வந்த விதம்

இனி இச்சொல்லின் மறுபிறவி. 1993இல் ஜேம்ஸ் மூர் என்பவர் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ' இதழில், ஒரு நிறுவனத்தை ஒரு தொழில்துறையின் உறுப்பினராகக் கருதாமல், பல துறைகளை ஊடுருவி நிற்கும் ஒரு வணிக எக்கோசிஸ்டத்தின் பகுதியாகக் கருத வேண்டும் என்று எழுதினார். அது பிறக்கிறது, விரிகிறது, தலைமை எய்துகிறது, தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது அல்லது மடிகிறது என்று பருவங்களும் வகுத்தார். எந்த உவமையை வெளியேற்றுவதற்காக டான்ஸ்லி இச்சொல்லை ஆண்டாரோ, அதே உவமை இங்கே பின்கட்டு வழியாக உள்ளே வந்து அமர்ந்துவிட்டதைக் கவனியுங்கள்.

பொருளாதார மாணவர்களுக்கு இக்கருத்து முற்றும் புதிதாகத் தோன்றாது. ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலில், ஒரே தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் கூடுவதன் பயன்களை ஆராய்ந்திருக்கிறார்: திறமையுள்ள தொழிலாளர் கிடைப்பது, துணைத்தொழில்கள் வளர்வது, தொழில்நுட்ப அறிவு ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது. 1994இல் அன்னாலீ சாக்ஸீனியன், கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கையும் பாஸ்டன் நகரையொட்டிய நெடுஞ்சாலைத் தொழிற்பகுதியையும் ஒப்பிட்டார். பாஸ்டனில் பெரிய நிறுவனங்கள் தமக்குள் எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொண்டன. கலிபோர்னியாவில் பொறியாளர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறினார்கள், அவர்களோடு அறிவும் நடமாடியது.

கலிபோர்னியாவின் வளர்ச்சிக்கு, வேலையை விட்டுச் செல்பவர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற ஒப்பந்தம் அங்கே செல்லாது என்பதையும் ஒரு காரணமாகக் கூறுவர். நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும், தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. புத்தொழில் என்ற சொல்லே இல்லாத காலத்தில், எழுத்தர் ஒருவர் மைதொட்டு எழுதிய பிரிவு அது. எந்த ஊக்குவிப்புத் திட்டத்தின் விளம்பரத்திலும் அது இடம்பெறுவதில்லை. ஆனால் டான்ஸ்லி வலியுறுத்திய உயிரற்ற கூறு, அதாவது மண், என்பது வணிகத்தில் இத்தகைய சட்டங்களும் பொது நிறுவனங்களுமே ஆகும்.

பெங்களூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1909இல் இந்திய அறிவியல் கழகம், 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் கைக்கடிகாரத்துக்கும் பெயர்பெற்ற எச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாகப் பொது முதலீடு வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் வந்து சேர்ந்தபோது, பொறியாளர்கள் ஏற்கெனவே அங்கே குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இவற்றை நிறுவியவர்களில் எவரும் எக்கோசிஸ்டம் கட்டுவதாகச் சொல்லவில்லை. 1946இல் ஆனந்தில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பால் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கியவர்களும் அப்படிச் சொல்லவில்லை. நல்ல விலைக்குப் பாலை விற்க வேண்டும் என்றே கூடினார்கள். கால்நடை மருத்துவமும் தீவனமும் பால் பவுடர் ஆலையும் அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

2016ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்அப் இந்தியா இயக்கம், எண்ணிக்கை அளவில் பெருவெற்றி என்பதில் ஐயமில்லை. அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்கள் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 1.5 இலட்சத்தைக் கடந்திருந்தன. 10,000 கோடி ரூபாய் நிதி சிறுதொழில் வளர்ச்சி வங்கி மூலம் ஒதுக்கப்பட்டது. 2012இல் கொணரப்பட்ட, 'ஏஞ்சல் வரி' என்று தொழில் முனைவோர் அஞ்சிய வரி 2024இல் நீக்கப்பட்டது. எனினும் எத்தனை நிறுவனங்கள் என்று எண்ணுவது, ஏரியில் எத்தனை மீன் என்று எண்ணுவது போன்றதே. லிண்டெமன் கேட்ட கேள்வி வேறு. பணமும் அறிவும் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகின்றன? மாவட்டத் தலைநகரிலிருந்து பதிவு செய்த நிறுவனத்திற்கு முதல் கொள்முதல் ஆணை எங்கிருந்து வந்தது? இதை அளக்கும் அட்டவணை நம் ஆய்வுக் கூட்டங்களில் அரிதாகவே வைக்கப்படுகிறது.

உவமை பயன்படும் ஓர் இடமும், பயன்படாத ஓர் இடமும் உண்டு. இறந்தவற்றை மக்கச் செய்து சத்தை மண்ணுக்குத் திருப்பித் தரும் உயிர்கள் இல்லாவிட்டால் எந்தக் காடும் நிலைக்காது. நம் தொழில் வாழ்வில் நெடுங்காலம் இந்தப் பணியைச் செய்வார் இல்லை. நலிந்த ஆலைகள் தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. இயந்திரமும் நிலமும் முடங்கின, தொழிலாளிக்கும் ஊதியம் இல்லை, வங்கிக்கும் பணம் இல்லை. 2016ஆம் ஆண்டு நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு அந்நிலையை மாற்ற முயன்றது. புத்தொழில் நிறுவனங்களுக்கு 90 நாள்களில் தீர்வு காணும் விரைவு நடைமுறையும் 2017இல் அறிவிக்கப்பட்டது. கால வரம்புகள் ஏட்டில் உள்ளபடி நடப்பதில்லை என்பது வேறு செய்தி. ஆயினும் புத்தொழில்களுக்கு விழா எடுப்பதில் காட்டும் ஊக்கத்தில் பாதியை, தோற்றவர் மானத்தோடு கடையை மூடிச் செல்லும் வழியைச் சீர்செய்வதில் காட்டினால் மிகுந்த பயன் விளையும் என்பது என் கருத்து.

பயன்படாத இடம் இது. காட்டில் புலி மானைத் தின்பது அநீதி அன்று. அங்கே விதி செய்தவர் எவருமில்லை. சந்தையில் விதி செய்பவர் உண்டு, அதை மாற்ற வல்லவரும் உண்டு. வீட்டுக்கு வீடு உணவு கொண்டுசெல்லும் இளைஞனின் வருமானம் குறைந்தால் அதை எக்கோசிஸ்டத்தின் இயல்பு என்று ஒதுக்கிவிட முடியாது. செயலி வழித் தொழிலாளரை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் முதன்முறையாக வரையறுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பரில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அந்த இளைஞன் எந்த மண்டலத்தில் இருந்தான் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரே ஏரி, இரண்டு பொருள்

இவ்விரு பொருள்களும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் பெங்களூரின் பெள்ளந்தூர் ஏரி. சுமார் 900 ஏக்கர் பரப்புடைய அதன் சுற்றுப்புறத்திலும் வெளிவட்டச் சாலையிலும் நாட்டின் புகழ்பெற்ற மென்பொருள் அலுவலகங்கள் பல உள்ளன. 2015ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் அந்த ஏரி தீப்பற்றி எரிந்தது. 2018 சனவரியில் தீயை அணைக்க இராணுவ வீரர்களும் வரவேண்டியதாயிற்று. சுத்திகரிக்கப்படாத சாக்கடையும் சோப்புத்தூளின் பாஸ்பரஸும் சேர்ந்து எழுப்பிய வெண்ணுரை, காற்றில் பறந்து சாலையில் செல்வோர் மீது விழுந்தது. கொல்கத்தாவில் மீனாக மாறும் அதே பொருள்தான் இங்கே நுரையாக மாறியது. அங்கே மடையைத் திறந்து மூட ஆள் இருந்தார்; இங்கே இல்லை.

ஏரியைச் சுற்றி 75 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஆணையிட்டது. அவ்வாறு எல்லையை விரிவாக்கத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019இல் அதை நீக்கியது. சட்டப்படி அத்தீர்ப்பு சரியே. ஆனால் எல்லைக்கோட்டை யார் வரைவது என்ற டான்ஸ்லியின் பழைய வினா அங்கே மனை வணிகத்தின் வினாவாகிவிட்டது. 2022 செப்டம்பரில் பெருமழை பெய்தபோது, ஏரிகளை இணைத்த வாய்க்கால்கள் அடைபட்டுக் கிடந்ததால் அலுவலகங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மென்பொருள் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குச் சென்ற படங்களை நாடே பார்த்தது. ஓர் எக்கோசிஸ்டத்தின் ஆண்டறிக்கையில் மற்றோர் எக்கோசிஸ்டத்துக்கு ஒரு வரிகூட இல்லாதிருந்ததன் செலவு அது.

இச்செலவைக் கணக்கில் கொணரும் முயற்சிகள் இல்லாமலில்லை. 14ஆம் நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரி பகிரும் சூத்திரத்தில் காட்டுப் பரப்புக்கு 7.5 விழுக்காடு எடை அளித்தது. 15ஆம் நிதிக்குழு அதை 10 விழுக்காடாக உயர்த்தியது. காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் மாநிலம் இழக்கும் வருவாயை நாடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கை இதனால் நிலைபெற்றது. ஆனால் ஈரநிலத்துக்கு அத்தகைய எடை அச்சூத்திரங்களில் தனியே இல்லை. மேற்கு வங்கத்தின் குளங்களும் கர்நாடகத்தின் ஏரிகளும் எந்த வரியிலும் எண்ணப்படுவதில்லை.

பயிற்சி அதிகாரிகள் களப்பயணத்துக்கு இடம் கேட்டால் நான் கோலார் மாவட்டத்தைச் சொல்வதுண்டு. பெள்ளந்தூரைச் சென்றடைந்த கழிவுநீரில் ஒரு பகுதி இப்போது சுத்திகரிக்கப்பட்டு, கோரமங்களா-சல்லகட்டாப் பள்ளத்தாக்குத் திட்டத்தின் வழியே அம்மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்கு 2018 முதல் இறைக்கப்படுகிறது. நெடுங்காலம் காய்ந்து கிடந்த ஏரிகளில் நீர் நிற்கிறது. கிணறுகளில் மட்டம் உயர்ந்திருக்கிறது. திட்டம் தொடங்கிய சில வாரங்களிலேயே அங்கும் ஓர் ஏரியில் நுரை எழும்பியது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு போதுமா, மூன்றாம் நிலையும் வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கோலாரின் விவசாயிகள் இருவேறு கட்சியாக நிற்கிறார்கள். அங்கே செல்லும்போது தயவுசெய்து திட்ட அலுவலகத்தோடு நின்றுவிடாமல், ஏரிக்கரை வரை நடந்து, அந்நீரைப் பாய்ச்சிப் பயிர் செய்பவரையும், வேண்டாம் என்று வழக்குக்கு ஆதரவு தந்தவரையும் கண்டு பேசுங்கள். உங்கள் அறிக்கையில் இருவர் சொன்னதையும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.